மழைக்கு மறுநாள்

வேங்கிக்கால்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ஆதவனுக்கு,

நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. இனிமேல் எழுதிக்கொள்ளுங்கள் என்று பொங்கலன்று அம்மா போட்ட விதியின்படி இது முதல் கடிதம். ஈமெயிலில் வந்தாலும் கடிதம்தான். அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம்.

மற்ற குடும்பங்களில் வரப்புச் சண்டை. நமக்கு மென்பொருள். எவ்வளவு சரக்கு செய்வது, எதில் ஏற்றுவது, எங்கே இறக்குவது: இதைக் கணக்குப் போடும் மென்பொருளை நீ ஹைதராபாத்தில் நாற்பதாயிரம் பேரோடு உட்கார்ந்து செய்கிறாய். நான் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் நாலு பேரோடு. நீங்கள் சிமெண்ட், மருந்து, கப்பல் எல்லாம். நாங்கள் பேக்கரி மட்டும்.

இன்றும் ஒருவர் மாடியேறி வந்து, "வருமானச் சான்றுக்கு மனு இங்கதான எழுதுவீங்க?" என்றார். இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். எழுதிக் கொடுத்தேன். இந்த மாதம் ஏழாவது மனு.

ஜியாவுல்லா பாய் பேக்கரியின் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. முப்பத்தெட்டு வேன். அவர் இருந்தால் நாங்கள் இருக்கிறோம். அவர் போனால் மனு எழுதலாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
உண்ணாமலை


ஹைதராபாத்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு நல்ல பெல்ட் கிடைக்கிறது. அனுப்புகிறேன்.

நாற்பதாயிரம் பேர் என்று கிண்டல் செய்கிறாய். நேற்று ஒரு திரையில் ஒரு சின்னப் பெட்டி சேர்க்க வேண்டும் என்றேன். ஒரே ஒரு பெட்டி. ஆறு மாதம் ஆகும் என்றார்கள். மூன்று நாட்டில் மூன்று கையெழுத்து வேண்டும். உன்னுடைய நாலு பேரில் பாதிப்பேர் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்திருப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு இதைச் சத்தமாகப் படி.

ஒரு செய்தி. என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் உணவுப் பொருள்கள். பால், பழம், பிரெட். இந்த வருஷம் இதில் ஒரு பெயர் எடுத்தால்தான் மேலே போக முடியும். முப்பது பேர் போட்டி.

உன் வேலை பற்றி நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. கேட்கும் முன் சண்டை வந்துவிடும். இப்போது கேட்கிறேன். ஒரு கடைக்காரர் பிரெட்டுக்கு எப்போது ஆர்டர் கொடுப்பார்? முதல் நாள் மாலையா?

அம்மாவுக்கு அன்பு.

ஆதவன்


வேங்கிக்கால்
2 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம். பெல்ட் இன்னும் வரவில்லை என்று அம்மா எழுதச் சொன்னாள்.

உன் கேள்வியே தப்பு. கடைக்காரர் ஆர்டர் கொடுக்கமாட்டார்.

காசி, கீழ்பென்னாத்தூர் ரூட் வேன் ஓட்டுகிறவன், கடை வாசலில் வேனை நிறுத்துகிறான். நேற்று மீந்த பிரெட்டை எடுத்துக்கொள்கிறான். புதியது இறக்குகிறான். எவ்வளவு என்று யாரையும் கேட்பதில்லை. ரேக்கைப் பார்க்கிறான். கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறான். எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கிறான். நம் ஊரில் பிரெட் காய்ச்சல்காரர் சாப்பாடு அல்லவா. இறக்கி முடித்த பிறகுதான் எழுதுகிறான். இங்கே சரக்கு முன்னால் போகிறது. ஆர்டர் பின்னால் வருகிறது.

பெரிய மென்பொருள்கள் எல்லாம் ஆர்டர் இல்லாமல் ஒரு பன்னைக்கூட இறக்க விடாது. எங்கள் ஆப்பில் முதல் திரையில் ஒரே ஒரு பச்சைப் பட்டன். "இறக்கிட்டேன்". அதைத் தொட்டால் ரசீதும் ஆர்டரும் தானாக நிரம்பும், பின்னாலிருந்து முன்னால்.

இந்த ஒரு பட்டனுக்காக ஒரு வருஷம் வேனில் போனேன். காசியின் பக்கத்து சீட்டில், மடியில் வர்க்கி டிரேயோடு. "அக்கா, நீங்க படிச்சிட்டு எதுக்கு இந்தப் பொழப்பு?" என்று தினமும் கேட்பான். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹைதராபாத்
5 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம். பெல்ட் கூரியரில் போட்டாயிற்று.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆர்டர் பின்னால் வருகிறது என்பதை இங்கே யாரும் யோசித்ததில்லை.

பன் எப்படி? பிரெட் போலத்தானா? எங்களிடம் இருக்கும் கணக்குகளில் கிராமப்புற பன் விற்பனை திடீரென்று ஏறுகிறது, திடீரென்று விழுகிறது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். விவரமாக எழுது. நேரம் எடுத்துக்கொள்.

ஆதவன்


வேங்கிக்கால்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். நான் எரிச்சல். நாளை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஊருக்குள் ஒரு வேன் நுழையாது. எல்லாவற்றையும் இன்றே இறக்க வேண்டும் என்று எல்லோரும் என் தலையில் ஏறி நிற்கிறார்கள்.

மூன்று நாளில் பதில் போட்டிருந்தாய். என் பிறந்த நாளுக்குக்கூட நீ இவ்வளவு வேகம் காட்டியதில்லை.

பன் கூலிவேலைக்காரர்களின் சாப்பாடு. மல்லாட்டை (உங்கள் ஆபீஸ் பாஷையில் நிலக்கடலை) பிடுங்கும் நாளில் பதினோரு மணி டீக்கு நிலத்துக்காரர் ஆளுக்கு ஒரு பன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த முறை ஆள் வராது. மண் காய்ந்து கிடந்தால் பிடுங்க முடியாது, காய் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். ஈரம் வேண்டும். ஆக, மழை பெய்தால் மறுநாள் கீழ்பென்னாத்தூர் ரூட்டில் பன் இரண்டு மடங்கு. நேற்றுதான் இதை விதியாக எழுதி முடித்தேன். மழைக்குக் காத்திருக்கிறேன். உலகத்தில் எந்த மென்பொருளும் இதைச் செய்யாது. உன்னுடையதும்.

இன்னொரு செய்தி. ஜியாவுல்லா பாயின் மகள் சபா படிப்பு முடித்து வந்துவிட்டாள். கெட்டிக்காரி. சென்னைக்கும் பிரெட் அனுப்பப் போகிறாளாம். அங்கே சூப்பர்மார்க்கெட்காரர்கள் முதல் கேள்வியே "என்ன சிஸ்டம் வெச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறார்களாம். ஜெராக்ஸ் கடை மாடி என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்காதா.

ஒரு பெரிய கம்பெனியை அழைத்து, அவர்கள் மென்பொருளைச் செய்து காட்டச் சொல்லப் போகிறாளாம். பெயர் சொல்லவில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா


ஹைதராபாத்
20 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிப்பு. வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டிருந்தாய். இவ்வளவு பெரிய நிறுவனத்தில் யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

அம்மா பெல்ட் போட்டுக்கொள்கிறாளா? வெயில் குறைந்ததா? மாடி அறைக்கு ஒரு ஏசி வாங்கிக்கொள், நான் பாதி தருகிறேன்.

ஆதவன்


வேங்கிக்கால்
3 ஜூலை 2025

ஆதவனுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நேற்று பேக்கரியில் அந்தப் பெரிய கம்பெனி செய்து காட்டியது. உன் கம்பெனி. ஜியாவுல்லா பாய் என்னையும் கூப்பிட்டார். "அவுங்க பேசுறது எனக்குப் பாதி புரியாதும்மா. நீ பக்கத்துல குந்தி சொல்லு." என் இடத்தைப் பிடிக்க வந்தவர்களின் பேச்சை நானே அவருக்குத் தமிழில் சொன்னேன். ரஸ்க் கொடுத்தார்கள்.

மூன்று பேர். ஒரே நீலத்தில் சட்டை. நீ வரவில்லை.

முதல் திரை. நடுவில் ஒரு பச்சைப் பட்டன். அதில் தமிழில் "இறக்கிட்டேன்". கீழே ஒரு வரி: ஆர்டர் பின்னால் வரும்.

நான் அதை பாய்க்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அடுத்தது வரைபடம். கீழ்பென்னாத்தூர் மேல் மேகம் நகர்கிறது. மழை விழுகிறது. பெரிய எழுத்தில்: மழைக்கு மறுநாள் பன் இரு மடங்கு. சபா கைதட்டினாள். பின்னால் கதவோரம் நின்றிருந்த காசி சிரித்துவிட்டான். சபா திரும்பிப் பார்த்தாள். இருமல் போல மாற்றிக்கொண்டான்.

வாசலுக்கு வந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அதை உனக்கு எழுதப்போவதில்லை.

நான் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் கடிதத்தை யாருக்காவது காட்டினாயா?

உண்ணாமலை


வேங்கிக்கால்
24 ஆகஸ்ட் 2025

ஆதவனுக்கு,

ஏழு வாரம். பதில் இல்லாததும் பதில்தான் என்று வைத்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லையோ என்று அம்மா கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜியாவுல்லா பாய் வரச்சொன்னார். டீ வந்தது. டீ ஆறியது. பிறகு சொன்னார்.

"உன் சாஃப்ட்வேர்ல ஒரு கொறையும் இல்லம்மா. ஆனா நாளைக்கு நீ கல்யாணம் பண்ணிக்கினு போயிட்டா என் முப்பத்தெட்டு வண்டி எங்க போவும்? அவுங்க நூறு நாட்டுல இருக்காங்க. துட்டு ஜாஸ்திதான். ஆனா படுத்தா தூக்கம் வரும்."

"எனக்குக் கல்யாணம் நடக்கும்னு உங்களுக்கு இவ்ளோ நம்பிக்கையா பாய்?" என்றேன். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டாயிற்று என்றார்.

செப்டம்பர் முப்பதோடு எங்கள் பட்டன் அணைகிறது. எங்கள் நாலு பேரில் பாலாஜி சென்னையில் வேலை தேடிக்கொண்டான். மீதி மூன்று பேர், இரண்டு சின்ன பேக்கரி. மூவாயிரம் கடையும் முப்பத்தெட்டு வேனும் கற்றுக்கொடுத்ததை வைத்து, எட்டு வேனுக்குக் கணக்குப் போடுவோம்.

உன் பிரிவுக்கு வாழ்த்து.

உண்ணாமலை


வேங்கிக்கால்
14 செப்டம்பர் 2025

அன்பு மகன் ஆதவனுக்கு அம்மா ராஜம்மாள் ஆசீர்வாதம்.

நான் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பறேன். எழுத்து கோணலா இருக்கும். ஒழுங்கா படி. நீ நல்லா இருக்கியா. சாப்புடறியா. உன் பெல்ட்டு அரிக்குது. ஆனா வெச்சிருக்கேன்.

மூணு மாசமா உங்கிட்டருந்து ஒரு வரி வரல. அவளக் கேட்டா உனக்கு வேலைனு சொல்றா. சொல்லும்போது மூஞ்சியத் திருப்பிக்கிறா. நீங்க போன்ல கத்துனப்ப அக்கம்பக்கம் கேக்குதேனு வெக்கப்பட்டுதான் எழுதச் சொன்னேன். இப்ப ஒரு சத்தமும் இல்ல. எனக்கு இதுதான் பயமா இருக்குது.

ஜியாவுல்லா பாய் பேக்கரி வேலை அவ கையவிட்டுப் போயிடுச்சாம். யாருக்குப் போச்சுனு சொல்லல. நான் கேக்கல. நீ எழுதுடா.

அம்மா


ஹைதராபாத்
25 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

நீ நலமா? நான் நலமில்லை.

பன்னிரண்டு முறை எழுதி அழித்தேன். இதை அழிக்கமாட்டேன். காட்டினேன். மார்ச் கடிதத்தையும் ஏப்ரல் கடிதத்தையும் மொழிபெயர்த்து என் மேனேஜருக்கு அனுப்பினேன். ஒரு பேக்கரி எப்படி நடக்கிறது என்பதற்கு உதாரணமாக மட்டும் என்று சொல்லித்தான். அப்போது ஜியாவுல்லா பாய் பேக்கரி எங்கள் பட்டியலில் இல்லை. மே மாதம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பதவி உயர்வும் வந்துவிட்டது. நீ வாழ்த்தியது அதற்குத்தான் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மன்னிப்புக் கேட்க மட்டும் எழுதியிருந்தால் நல்லவனாக இருந்திருப்பேன். ஒரு கேள்வியும் இருக்கிறது.

இந்த மாதம் மூன்று மழை. மூன்று முறையும் மறுநாள் இரு மடங்கு பன் போனது. மூன்று முறையும் திரும்பி வந்தது. பிறகு திடீரென்று ஒரு நாள் எல்லாக் கடையிலும் பன் இல்லை என்று சத்தம். வயலில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். செய்து காட்டிய பச்சைப் பட்டனும் டிரைவர்கள் கைக்கு இன்னும் போகவில்லை, இரண்டாம் கட்டத்தில்தான் வரும். ஆர்டர் இல்லாமல் இறக்க முடியாததால் அவர்கள் முதல் நாள் மாலையே ஏதோ ஒரு ஆர்டரைப் போட்டுவிடுகிறார்கள். தினமும் ஒரே எண். எங்கள் மென்பொருள் அந்தப் பொய்யிலிருந்து பாடம் கற்றுக்கொள்கிறது.

அந்த விதி என் பெயரில் இருக்கிறது. எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். விதியில் என்ன தப்பு, அக்கா? எழுது.

ஆதவன்


வேங்கிக்கால்
28 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா நலம். முழங்கால் பழையபடி. நேற்று முழுவதும் மழை. நீ சாப்பிடு, பட்டினி கிடந்து யாருக்கும் லாபமில்லை.

ஏப்ரல் கடிதத்துக்கு நீ பதில் போடாத அந்த இடைவெளியில், மே இரண்டாம் தேதி, இங்கே கோடை மழை பெய்தது. என் புது விதி வேலை செய்தது. மறுநாள் காசியின் வேனில் நானூறு பன் கூடுதல். நானூறும் திரும்பின. பேக்கரி வாசலில், மற்ற டிரைவர்கள் முன்னால், வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்:

"ஏங்க்கா, மழைக்கு மறுநாள் எவன் மல்லாட்டை புடுங்குவான்? சேத்துல கால் வெச்சா முட்டி வரைக்கும் போவுது. காயை விட மண்ணுதான் ஜாஸ்தி வருது. ஒரு வருஷம் எங்கூட வண்டில வந்தீங்களே, தூங்கிக்கினா வந்தீங்க?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினெட்டு வயது வரை கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பிடுங்கியவள். நாம் இரண்டு பேரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினேனே, ஏன் திருத்தவில்லை என்றேன். "நீ வேகவேகமா படிச்ச, ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு இருந்துட்டேன்" என்றாள்.

சரி, எத்தனையாம் நாள்? மணல் கலந்த நிலத்தில் இரண்டாம் நாள். களிமண்ணில் நாலு. ஏரிக்குக் கீழே என்றால் இன்னும் தள்ளும். அன்றைக்கு ஆள் கிடைக்க வேண்டும். ஊரில் சாவு விழக்கூடாது. ஒரு எண்ணில் அடங்காது. அன்று மாலையே விதியை அழித்தேன். அந்த இடத்தில் ஒரே கேள்வி கேட்கும் ஒரு பெட்டி வைத்தேன். காசி, நாளைக்குப் புடுங்குறாங்களா? ஆமாம், இல்லை. அவ்வளவுதான். போகிற வழியில் நாலு பேரைக் கேட்டுவிட்டு அவன் தொடுவான். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தோம்.

இதை உனக்கு எழுதவில்லை. வெட்கம். உலகத்தில் யாரும் செய்யாததைச் செய்தேன் என்று எழுதியவள், அடுத்த கடிதத்தில் எப்படி எழுதுவேன். நீ எடுத்துப் போனது என் மூளையை இல்லை. நான் தூக்கிப்போட்ட தப்பை.

ஜூலையில் காசி வாசலில் கேட்டது இதுதான். "அக்கா, நாம தூக்கிப்போட்ட தப்பு அவுங்க கைக்கு எப்படிப் போச்சு?"

தெரியாது என்றேன்.

உள்ளே போய் பாயிடம் சொல்லியிருக்கலாம். அந்த மழைப் படம் தப்பு பாய், எங்களிடமிருந்து போன தப்பு என்று ஒரு வரி. கையெழுத்து நின்றிருக்கும். யார் கொடுத்தது என்று அடுத்து கேட்பார். ஊரில் எல்லோருக்கும் நீ எங்கே வேலை செய்கிறாய் என்று தெரியும். நான் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதே. எரிச்சலாக வருகிறது.

இனி நீ செய்ய வேண்டியது. உங்கள் மென்பொருளில் ஒரு பெட்டி. ஆறு மாதம், மூன்று நாடு, மூன்று கையெழுத்து. நீயே எழுதியது. அதற்குள் மல்லாட்டை முடிந்துவிடும். பேக்கரியில் அவர்களே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வாசலில் ஒரு சிலேட் தொங்குகிறது. காசி வேனை விட்டு இறங்கியதும் அதில் எழுதுகிறான்: நாளைக்குப் புடுங்கல் உண்டு. அல்லது இல்லை. பேக்கரி மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு மாவு பிசைகிறார். நூறு நாட்டு மென்பொருள் சொல்லும் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. நேற்று சபா போன் செய்தாள். "அந்தப் பெட்டிய மட்டும் தனியா குடுப்பீங்களாக்கா?" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கிறேன்.

இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம். எழுதினால் நீ நான்கு முறை படிக்கிறாய். அது நமக்கு நல்லதில்லை. கடித விதியை எடுத்துவிடு என்று அம்மாவிடம் சொன்னேன். சரி என்றாள். ஜன்னல்களைச் சாத்திக்கொள்கிறாளாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். நலம் விசாரிப்பதெல்லாம் இந்தக் கடிதத்திலேயே முடித்துவிட்டேன். மூன்றாவது நிமிடம் வரை காத்திருக்காதே. எடுத்ததும் சண்டைக்கு வா.

அக்கா